ஒரே மெயில், ரெண்டு கணக்கு

ப்ரவுசிங் சென்டர் வைத்திருப்பவனுக்கு வருகிற மெயிலில் பாதி அடுத்தவருடையது. கீரனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கடை. மெயில் இல்லாதவர்களுக்குப் பேங்கு பாரத்தில் என் மெயிலையே போட்டுவிடுவேன். கடை வைத்திருக்கிறவங்களே, நீங்களும் இதைத்தானே செய்றீங்க?

யாருக்கு வந்தது?

ஒருநாள் காலையில் பேங்கு முத்திரையோடு ஒரு மெயில். 'அன்புள்ள வாடிக்கையாளரே, இன்று மாலைக்குள் கீழே உள்ள லிங்க்கை அழுத்தாவிட்டால் உங்கள் கணக்கு முடக்கப்படும்.' சரி, யார் கணக்கு? அந்தப் பேங்கில் என் மெயிலைக் கொடுத்தவர்கள் ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் போன் போட்டேன்.

செல்வராணி அக்கா குளத்தூரிலிருந்து அடிச்சுப் பிடிச்சு வந்தார். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். மறுநாள் வீட்டுக்குத் தளம் போட வேண்டும், பணம் முழுக்க அந்தக் கணக்கில். "அவுக வெயில்ல நின்னு அனுப்புன காசு தம்பி, போயிருச்சுன்னா அவுக மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அன்பு

மளிகைக்கடை ஆரோக்கியசாமி அண்ணனும் வந்து, "எனக்கு மொதல்ல அமுக்குங்க" என்று நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரெண்டு பேருக்குச் சேர்த்து ஒரே மெயில் எப்படி வரும்?

பேங்கு முன்பு அனுப்பியதைத் தேடி எடுத்தேன். அக்காவுக்குத் தனி, அண்ணனுக்குத் தனி. ரெண்டிலும் பெயரும் கணக்கின் கடைசி எண்களும் இருந்தன. இதில் ரெண்டுமே இல்லை. லிங்க்கை அழுத்தாமல் மவுஸை மட்டும் மேலே வைத்துப் பார்த்தேன். அடியில் தெரிந்த முகவரிக்கும் பேங்குக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அக்கா ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதானே! பேங்குல என்னைக்குத் தம்பி நம்மள அன்பா கூப்பிட்டாக?"

மேனேஜர் வாக்கு

ஆனாலும் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. மெயிலில் இருந்த நம்பரை விட்டுவிட்டு, பாஸ்புக்கில் இருந்த நம்பருக்குப் பேசினோம். பணம் பத்திரமாக இருக்கிறது என்றார் மேனேஜர். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அழுதே விட்டார். போனில் மேனேஜர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ளயா? பிரிண்டர் ரிப்பேருக்குச் சொல்லியே மாசக்கணக்காச்சு, அவ்வளவு வெரசா நாங்க எதையும் செய்ய மாட்டோங்க!"

சொந்த மெயில்

தளம் போட்டு முடித்த கையோடு அக்கா வந்து, தன் பெயரில் ஒரு மெயில் ஆரம்பித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் போனை நீட்டியபடி சிரித்துக்கொண்டே வந்தார். வேறொரு பேங்கு பெயரில் அதே மிரட்டல். அந்தப் பேங்கில் அவருக்குக் கணக்கே கிடையாது. அழிக்க வேண்டியதுதானே அக்கா என்றேன்.

"அழிக்கத்தான் போறேன், இருந்தாலும் எனக்குன்னு வந்த மொத கடுதாசி, ஒங்ககிட்ட காட்டாம எப்படி?"

சொந்தமாக ஒரு முகவரி கிடைத்தால், சொந்தக்காரர்களுக்கு முன்னால் விசாரிக்க வருகிறவன் திருடன்தான்.