மைக்காரர் வீட்டு டாக்டர்

மூன்று துறைகளும் ஒரு தகரக் கூரையுமாகப் பல்கலைக்கழகம் தொடங்கியபோதே மைக்காரர் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். விழாவோ கூட்டமோ, ஒலிபெருக்கி அவர் பொறுப்பு. பத்து வருஷத்தில் தகரம் போய் ஏழு மாடி எழும்பியது, லிஃப்ட் வந்தது, மாலை நேர வகுப்புகளும் வந்தன. "வீட்ல சும்மாதானே இருக்க, போய்ப் படியேன்" என்று மனைவியை அதில் சேர்த்துவிட்டவரும் அவரேதான். ஏதோ பேச்சுக்குச் சொன்னது. அவளோ பி.ஏ., எம்.ஏ. என்று ஏறிக்கொண்டே போய், அங்கேயே வகுப்பெடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது பிடித்தது மனுஷனுக்கு வயிற்றெரிச்சல். முன்பெல்லாம் அவளை "மைக்காரர் வீட்டம்மா" என்பார்கள். இப்போது காவலாளிகூட, "மேடம் வீட்டுக்காரர் வர்றாரு, கேட்டைத் திற" என்கிறான். பேராசிரியர்களோடு அவள் சிரித்துப் பேசினால் இவருக்கு அன்று சோறு இறங்காது. பொறாமைதான், வேறென்ன. அத்தனை படித்தவர்கள் முன்னால், 'என்னைப் படிக்க வைத்தவர் இவர்தான்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்கு அது போதும்.

அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பெரிய அரங்கத்தில் நடந்தது. அவளாக எங்கே சொல்லப்போகிறாள், நாமே வரவழைப்போம் என்று மைக்காரர் ஒரு வேலை செய்தார். தீரப்போகிற பேட்டரியை மைக்கில் போட்டுவிட்டு, புதியதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாதியில் மைக் படுத்துவிடும். அவள் தவித்துப்போய் "என்னங்க" என்று கூப்பிடுவாள். அரங்கமே பார்க்க இவர் மேடையேறுவார். யார் இவர் என்று கேட்பார்கள், அவள் சொல்லித்தானே ஆக வேண்டும்?

சொல்லி வைத்தாற்போல் மைக் படுத்தது. அவள் ஒருமுறை தட்டிப் பார்த்தாள், மேசைமேல் வைத்தாள், குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே போனாள். நூறு பேருக்கு வகுப்பெடுத்துப் பழகிய தொண்டை. கடைசி வரிசையில் எழுந்திருக்கத் தயாராக இருந்த மைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. கூப்பிடாமல் போவதற்கு ரோஷம் விடவில்லை.

பட்டம் உறுதி என்று தேர்வாளர் அறிவித்ததும் அவள் நன்றி சொல்ல எழுந்தாள். வழிகாட்டி, துறைத்தலைவர், நூலகர் வரைக்கும் கணீரென்று வந்த குரல் அதற்குமேல் கம்மிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஏதோ நீளமாகச் சொன்னாள். முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பி மைக்காரரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

"என்ன சொன்னா?" என்று பக்கத்திலிருந்த தோட்டக்காரரிடம் கேட்டார்.

"எங்க கேட்டுச்சு? மைக்தான் வேலை செய்யலியே."