காற்றோடு பெருக்குகிறவர்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேனுக்கும் அவர் அக்காதான். வளாகம் பெருக்குவது வேலை. பத்தொன்பது வருஷமாக அதே ஒன்பது பாதாம் மரங்கள், அதே நடைபாதை, போதாததற்கு முழங்கால் வலி. இந்த வேலையில் இருக்கிற ஒரே சூட்சுமம் காற்றோடு பெருக்குவது. புதிதாகச் சேர்ந்தவர்கள் காற்றை எதிர்த்துப் பெருக்கி, தள்ளிய குப்பையையே திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அக்கா முந்தானை பறக்கிற திசையைப் பார்த்துத்தான் துடைப்பத்தை எடுப்பார்.

முன்பெல்லாம் கடவுளோடு பேசிக்கொண்டேதான் பெருக்குவார். அதற்குப் பக்தி என்று பெரிய பெயர் வைக்க முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் நாத்தனாரிடம் பேசுவது போல பாதி புலம்பல், பாதி அதட்டல். "உனக்கென்ன, உதிர்த்துட்டுப் போயிட்டே. நான் எப்ப வீட்டுக்குப் போறது?" என்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்காரர் இதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கண்ணை மூடினார். நர்ஸ் ஓடிவந்து சொன்னபோது அக்கா கீழே பெருக்கிக்கொண்டிருந்தார். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது. கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் எதிரே ஒரு ஆள் வேண்டுமே.

இந்த நிலையில்தான் மகள் மறுபடியும் உண்டானாள். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்திருந்ததால் டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். தினமும் காலையில் போன் வரும்.

"அம்மா, எனக்காக வேண்டிக்கிட்டியா?"

"வேண்டிக்கிட்டேன்டி. நீ சாப்டியா?"

வாய் கூசாமல் சொல்லிவிடுவார். அப்புறம் நாள் முழுக்க அந்தப் பொய் நெஞ்சில் முள்ளாய் உறுத்தும். முயற்சி பண்ணிப் பார்க்காமல் இல்லை. கண்ணை மூடினால் தூக்கம்தான் வந்தது.

அது இலை உதிரும் மாதம். பாதாம் இலை லேசில் விழாது. மஞ்சளாகி, செம்பு நிறமாகி, ரத்தச் சிவப்பாகி, தன் ஆட்டமெல்லாம் ஆடிவிட்டுத்தான் விழும். ஒரு மத்தியானம் முழங்கால் மக்கர் பண்ண, அக்கா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கத் தெம்பில்லை. சும்மா இருக்கவும் கை பழகவில்லை. எட்டிய இலைகளை நிறம் பார்த்து அடுக்கினார். நடுவில் சிவப்பு, சுற்றிச் செம்பு, வெளியே மஞ்சள். மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாள், மஞ்சள் எந்த இடத்தில் சிவப்பாக மாறுகிறது என்று ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷமாகக் குப்பை என்று தள்ளியதை அப்போதுதான் பார்த்தார். வார்டு ஜன்னல்களில் தலைகள் தெரிய ஆரம்பித்தன.

சூப்பர்வைசர் இடுப்பில் கைவைத்து நின்றார். "அள்ளச் சொன்னா படம் போட்டுட்டு இருக்கீங்களாக்கா?"

"அள்ளிடறேன் சார்."

அதே மனுஷர் அடுத்த வாரம் குழைந்துகொண்டு வந்தார். பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம், வாசலில் ஆஸ்பத்திரிப் பெயரை இலையிலேயே எழுத வேண்டுமாம். அக்கா எழுதிக் கொடுத்தார். கடைப் பலகை மாதிரி இருந்தது. அதிகாரி அதன்மேலேயே ஷூவோடு நடந்து போனார். அக்காவுக்குத் துளி வருத்தமில்லை.

மரங்கள் மொட்டையானபோது காய்ந்த குச்சிகளை வைத்து அடுக்கினார். தளிர் விட்டது, வெயில் ஏறியது, சுவரோரக் கொடியிலிருந்து பூ கொட்டியது. எதையும் விடவில்லை. வலியும் அலுப்பும் அப்படியேதான் இருந்தன. பாதாம் வருஷத்தில் இரண்டு தடவை உதிர்க்கும். மழைக்கு முன்னால் மறுபடியும் சிவக்கத் தொடங்கியபோது மகளுக்கு நாள் நெருங்கியிருந்தது.

சேர்த்தது இதே ஆஸ்பத்திரியில், அதே மூன்றாவது மாடியில். லிஃப்ட் வாசலில் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டிக்கோம்மா." முகத்துக்கு நேராகப் பொய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மருமகன் கூடப் போனார். அக்காவுக்கு மேலே போகக் கால் எழவில்லை.

மரத்தடிக்கு வந்து அடுக்க ஆரம்பித்தார். இதுவரை போட்டதிலேயே பெரிய வட்டம். இலை இலையாக அடுக்கி வெளி ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தபோது மழைக்காற்று கிளம்பியது. மஞ்சள் வரிசை படபடத்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் காற்றுக்கு எதிராகக் குனிந்து, இரண்டு கையாலும் இலைகளை அமுக்கிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறேன்! இன்னும் நாலு இலைதானே!"

சொல்லிவிட்டுத் திகைத்துப்போனார். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. வாட்ச்மேன்கூட டீ குடிக்கப் போயிருந்தார். கண்ணில் நீர் முட்டியது. காற்று பொறுக்கவில்லை. பாதி வட்டத்தை வாரிக்கொண்டு போனது.

அக்கா கையை எடுத்துவிட்டார்.

"சரி, இலையை எடுத்துக்கோ," என்றார், பழைய அதட்டலோடு. "மேல என் பொண்ணு இருக்கா. அவ பக்கத்துல போய் நில்லு."