தோட்டத்து அறையிலிருந்து கம்பத்துக்குப் போன கரண்ட்

2004 மே 23, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறேகால் மணி. சந்தாபுராவில் மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. காற்றில் எங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் அறுந்துவிட்டது. லைன்மேன் மஞ்சுநாத் தெருவுக்கே சப்ளையை நிறுத்திவிட்டு, அதை ஒட்டுப்போடக் கம்பத்தில் ஏறினார்.

மழை மூட்டத்தில் தெருவே இருட்டாகக் கிடக்க, அடுத்த வீட்டு சுந்தரத்தின் தோட்டத்து ஆபீஸ் மட்டும் சோலார் பேட்டரியில் கல்யாண மண்டபம்போல ஜொலித்தது. அதைவிடப் பெரிய இன்வெர்ட்டரை என் தோட்டத்து அறையில் மாட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆனால் என் வீட்டு வாசலில் வெளிச்சமில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் இன்வெர்ட்டரை வீட்டு சாக்கெட்டில் சேர்த்தேன். மெயினை அணைக்கவில்லை. வாசலும் மாடியும் பளிச்சென்று எரிந்தன. சுந்தரம் பார்க்கட்டும் என்று வெளியே வந்து நின்றேன்.

பார்த்தார்.

"மஞ்சு, வயரைத் தொடாதப்பா! சார் வீட்ல லைட் எரியுது!" என்று கத்தினார்.

வயரை நோக்கி நீண்ட கை அப்படியே நின்றது. என் இன்வெர்ட்டர் கரண்ட், மெயின் வழியாக அந்த வயருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

மஞ்சுநாத் இறங்கினார். "தொட்டிருந்தா என் பெண்டாட்டிக்கு நீங்க என்ன சார் பதில் சொல்லியிருப்பீங்க?"

உள்ளே ஓடி இன்வெர்ட்டரை அணைத்தேன்.

இப்போது சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டிருக்கிறேன். கம்பத்துக் கரண்ட், இன்வெர்ட்டர் கரண்ட் இரண்டில் ஒன்றுதான் வீட்டுக்கு வரும். கம்பத்தில் ஆள் ஏறினால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்கிறேன். சுந்தரத்தின் அறை எரிகிறது, எரியட்டும். அவர் வீட்டிலும் இதே சுவிட்ச்தான்; அதற்கும் கூலிக்கும் அவருக்கு ஆயிரத்து இருநூறுதான் ஆனதாம். எனக்கு ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.