பதினேழாம் தட்டின் குறட்டை

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியின் கதவைச் சாத்தும்போது தட்டக்கா மூச்சை அடக்கிக்கொள்வார். உள்ளே எலியின் மூளை நரம்பணுக்கள் பதினாறு கண்ணாடித் தட்டுகளில் குடித்தனம் செய்கின்றன. கதவு மூடியதும் நைட்ரஜன் நுழைந்து, அங்கிருக்கும் ஆக்சிஜனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். இனி நான்கு மணி நேரம் அவற்றுக்கு மூச்சு கிடையாது. கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சை அழுத்திய பிறகுதான் அக்கா தம் மூச்சை விடுவார். "அதுங்க தவிக்கும்போது நாம மட்டும் இழுத்து விட்டுட்டு நிக்கறது நல்லாவா இருக்கு?" என்பார். இந்த இரக்கவதிதான் பத்தொன்பது ஆண்டுகளாக வாரத்துக்கு இருமுறை அவற்றைத் திணறடித்து வருகிறார்.

ஆய்வுக்கூடத்தில் முனைவர்கள் வருவார்கள், போவார்கள். தட்டுகளுக்கு ஊட்டநீர் மாற்றத் தெரிந்தவர் அக்கா ஒருவரே; தட்டக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். சொந்த நாத்தனார் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்பே கிளம்பி வந்துவிட்டார். கேட்டதற்கு, "பொண்ணுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. என் ராசாத்திங்களுக்கு யார் இருக்கா?" என்றாராம். அதன் பிறகு நாத்தனார் பேசுவதில்லை. அதனால் அக்காவுக்கு நேரம் மிச்சம்.

எட்டுத் தட்டுகள் சாதாரணம். மற்ற எட்டில் நியூரோகுளோபின் என்ற புரதம் கூடுதலாகச் சுரக்கும்படி செய்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. நரம்பணுவுக்குள் உட்கார்ந்து அதுவும் ஆக்சிஜனைப் பிடிக்கும். மூச்சு முட்டும் வேளையில் அணு சாகாமல் காக்க அது ஏதோ செய்கிறது. என்ன செய்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் அடிதடி. அக்காவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. மூளைக்குக் காவல்காரன் என்று சாப்பாட்டு மேசையில் அதன் புகழைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பாடினார். கேட்டுக்கொண்டிருந்தவர் கணவர். வினை அங்கேதான் முளைத்தது.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் இவருக்கு ஒரு பிரேக். அந்த வலது கால் வீட்டிலும் ஓயாது. அக்கா உப்பு டப்பாவைத் திறந்தால் மேசைக்கடியில் அது ஓர் அழுத்து அழுத்தும். தூக்கத்தில் அவருக்குக் குறட்டை திடீரென்று நின்றுபோகும், மூச்சோடு சேர்த்து. பிறகு ஓர் உறுமல், காலால் ஒரு பிரேக், மறுபடி குறட்டை. மருத்துவர், மூளைக்குக் காற்றுக் குறைகிறது என்று சொல்லி, முகமூடி வழியே காற்றூதும் இயந்திரம் ஒன்று கொடுத்தார். அது அலமாரியின் தலைமேல் குடியேறியது.

"தும்பிக்கைய மாட்டிட்டு என்னால படுக்க முடியாது. மூளைக்குள்ள காவல்காரன் இருக்கான்னு நீதானே சொன்ன? அவன் பாத்துப்பான்" என்றார் கணவர்.

காவல்காரன் இரவில் விழித்திருந்தானோ என்னவோ, கணவர் பகலில் தூங்கினார். சென்ற மாதம் ஒரு மாணவி சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தி, ஆசிரியர் உத்தரவுக்காகப் பணிவோடு காத்திருந்தாள். விளக்கு மூன்று முறை பச்சையானது. பின்னால் நின்ற ஊரே ஹார்ன் அடித்தும் ஆசிரியர் எழவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் வீட்டிலேயே நிம்மதியாகத் தூங்கலாம் என்று முதலாளி சொல்லியனுப்பினார். தூங்கினால் எழுவாரா என்பதுதான் அக்காவின் கவலை.

ஞாயிறு மதியம். வாரக் குறிப்புகளைச் சுத்தமாக எழுத அக்கா ஆய்வுக்கூட நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். எதிரே சோபாவில் கணவரின் குறட்டை நின்றது. கை தானாக ஸ்டாப்வாட்சை அழுத்தியது. பழக்க தோஷம், எண் கண்ட இடத்தில் எழுதிவிடும். பதினாறாம் தட்டுக்குக் கீழே ஒரு வரி கூடிற்று.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், வயதில் அக்காவுக்கு இளையவரான பேராசிரியை நோட்டைப் புரட்டி வாசித்தார். "பதினேழாம் தட்டு. நாற்பத்தொரு விநாடி நிறுத்தம். பலத்த உறுமல். வலது கால் உதைத்தது."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியை மட்டும் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தட்டக்கா, இந்தத் தட்டுக்கு என்ன வயசு?"

"அம்பத்தி நாலு மேடம்."

"நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் கணவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்தார். வலப்பக்கத் தட்டில், நான்கு மணி நேரம் மூச்சு முட்டிய பின்னும், நரம்பணுக்களின் வலைபோன்ற கிளைகள் பெரும்பாலும் பிழைத்திருந்தன. இடப்பக்கத்தில் அவை அறுந்த மணிமாலையாய்ச் சிதறிக் கிடந்தன.

"இதுல நான் எது?" என்று கேட்டார், பதில் தெரிந்தவர்போல வலதைக் காட்டி.

"இடது சார்" என்றார் பேராசிரியை. "வலது பக்கம் அந்தப் புரதத்தை நாங்க கையால கூட்டிச் சேர்த்தது. உங்களுக்கு இருக்கிறது யானைப் பசிக்குச் சோளப்பொரி. தட்டுல நடக்கறதெல்லாம் தலையில நடக்கும்னு நான் சொல்லல. ஆனா காவல்காரனை நம்பிக் கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குவீங்களா?"

மேசைக்கடியில் வலது கால் பலமாக அழுத்தியது. அவருடைய வாத வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது.

கணவர் வீடு வந்ததும் முக்காலியைப் போட்டு ஏறி, அலமாரியின் தலைமேலிருந்ததை இறக்கித் தூசி தட்டினார். "சும்மா ஒரு தடவை பாக்கறேன். சிரிச்சேன்னா கழட்டிடுவேன்" என்று எச்சரித்தார். அக்கா சிரிக்கவில்லை, அதற்காகக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மதியம் சோபாவில் தும்பிக்கையோடு கணவர். எதிரே கட்டைவிரலை ஸ்டாப்வாட்சின் பொத்தான்மேல் வைத்தபடி அக்கா. இயந்திரம் சன்னமாகச் சீறியது. மார்பு ஏறியது, இறங்கியது, ஏறியது. அரை மணி ஆயிற்று. அழுத்த வேலையே வரவில்லை. அக்கா கழுத்திலிருந்து ஸ்டாப்வாட்சைக் கழற்றி, பூனைபோல் போய், அவருடைய வலது கால் கட்டைவிரலில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அது அப்படியே ஆடாமல் தொங்கியது.