அப்பா ஏமாந்து வாங்கிய ஜோடி

எங்கள் அப்பாவுக்கு மாடு வாங்கத் தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மற்றக் காரியங்களில் அவரைக் கெட்டிக்காரர் என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட, மாடு என்று வந்தால் லேசாகச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பேர் அவருக்கு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம் அது. எருமப்பட்டிக்குப் போகிற பஸ்ஸுக்குப் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்து புகைந்து ஓடும். அதை நம்பி யாரும் சந்தைக்குச் சரக்கு ஏற்றமாட்டார்கள். எங்கள் தோட்டத்துக் கடலைக்காயும் மிளகாயும் மாட்டு வண்டியில்தான் போகும். வண்டியை ஓட்டுவது அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர். தோட்டம், கிணறு, ஆள் அம்பு எல்லாவற்றையும் அவர் அப்பாவிடம் விட்டு வெகு காலமாகியிருந்தது. இந்த வருஷம் என்ன விதைக்கிறாய் என்றுகூடக் கேட்கமாட்டார். சந்தை நாளில் வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பது ஒன்றை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் தலையில் சலவைத் துண்டு இருக்கும். வழியில் கும்பிடு போடுகிறவர்களைக் குரலை வைத்தே கண்டுபிடித்து, பேர் சொல்லி நலம் விசாரிப்பார். முகத்தைப் பார்க்காமலே ஆளைச் சொல்வது அவருடைய தனித் திறமை என்று நான் எண்ணியிருந்தேன்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. வீட்டுக்கு ஒரே பெண் என்பதால் சந்தைக்கு என்னையும் ஏற்றிக்கொள்வார். என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். மாடுகள் ஒன்று செவலை, ஒன்று மயிலை. இரண்டும் கிழடு. எருமப்பட்டி வழி அவற்றுக்கு மனப்பாடம். பஸ் சத்தம் கேட்டால் தாமாகவே ஓரத்துக்குப் போய்விடும்.

ஒரு வாரம் நல்ல மழை பெய்து, ஓடைமேல் இருந்த சின்னப் பாலத்தில் ஒரு பக்கம் இடிந்து விழுந்துவிட்டது. மற்ற வண்டிகள் பக்கத்துக் காட்டுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போயின. எங்கள் மாடுகள் பழைய வழியிலேயே போய், பாலத்துக்குக் கிட்டே வந்ததும் நின்றுவிட்டன.

"அப்பாரு, முன்னால பள்ளமுங்க," என்றேன்.

"தெரியுது சாமி. நீ கம்முனு உக்காரு," என்று சொல்லி, அப்பாரு மாடுகளைக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார். அவை நகரவில்லை. இரண்டாவது தட்டுக்குக் கீழ்ப்படிந்தன.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடைக்குள் இறங்கியது. நான் மூட்டைமேல் விழுந்தேன். அப்பாரு ஈர மணலில் போய் விழுந்தார். செவலைக்கு முழங்கால் தேய்ந்து ரத்தம் கசிந்தது. பெரிதாக வேறொன்றும் ஆகவில்லை.

அப்பாரு எழுந்து நின்று, "சாமி! சாமி! எங்கிருக்கற?" என்று கத்தினார். நான் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றேன். நல்ல வெயில் வேறு. அவரோ இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, காற்றைத் துழாவிக்கொண்டு, எனக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போனார். அப்பாருவின் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்தேன். என் தலை, முகம், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மாடுகளைத் திட்டத் தொடங்கினார்.

பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அப்பாரு அப்பாவிடம், "மாட்டுக்கு வயசாயிப்போச்சுடா. கண்ணு தெரியல," என்றார்.

"ஆமாங்கய்யா," என்றார் அப்பா. அவர் தன் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தும் நான் பார்த்ததில்லை, எதிர்த்துப் பேசியும் கேட்டதில்லை.

அப்பாரு கை கால் கழுவப் போனபின் நான் நடந்ததைச் சொன்னேன். "அப்பாரு கண்ணுல மண்ணு உழுந்திருச்சுங்கப்பா. நான் பக்கத்துலயே நிக்கறேன், என்னையக் காணோம்னு தேடறாரு."

செவலையின் காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றுவிட்டது. தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, "இனி வண்டி ஓட்ட வேண்டாம்னு நீங்க சொல்லாம வேற ஆருங்க சொல்லுவாங்க?" என்றாள். அப்பா கட்டை அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து கட்டினார்.

சில நாள் கழித்துக் கிழட்டு மாடுகள் இரண்டும் அத்தை வீட்டுக்குப் போயின. ஜேடர்பாளையத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அத்தை, உழவுக்கு மாடில்லாமல் சிரமப்படுவதாக அப்பா சொன்னார். மகளுக்கு என்றதும் அப்பாரு மறுக்கவில்லை. "புதுசா ஜோடி பாக்க நானும் வாரேன்," என்று மட்டும் சொன்னார். மாடு பார்ப்பதில் சுற்றுவட்டாரத்திலேயே அவருக்குப் பேர். அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு, அப்பா விடியுமுன்னே தனியாக மாட்டுச் சந்தைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அதுவே எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.

சாயங்காலம் அவர் பிடித்துவந்த ஜோடியைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. வெள்ளை வெளேரென்று இரண்டு இளங்காளைகள். பார்க்க ராஜகளை, ஆனால் வண்டிக்கு இன்னும் சரியாகப் பழகாதவை. குடையைக் கண்டால் மிரண்டன, நாய் குரைத்தால் துள்ளின. அப்பாரு அவற்றின் திமிலையும் முதுகையும் தடவினார். வாய்க்குள் விரலை விட்டுப் பல்லைப் பார்த்தார்.

"ஏன்டா, குடும்பஸ்தன் வாங்கற மாடாடா இது? கண்ணு ரெண்டும் பொடனியிலயா இருந்துச்சு?"

"அங்க நின்னப்ப சாதுவாத்தானுங்க இருந்துச்சு."

"எவனோ உன்ர தலையில கட்டிப்போட்டுப் போயிட்டான்."

"தெரியாமப் போச்சுங்கய்யா," என்றார் அப்பா.

கூட்டம் சிரித்தது. "அடுத்த தடவ சந்தைக்குப் போனா என்னையும் கூப்பிடுங்க மச்சான்," என்று என் தாய்மாமாவே கேலி பேசினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லுவார் என்று முகத்தையே பார்த்தேன். அவர் காளைகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சந்தை நாள் வந்தது. அப்பாரு சலவைத் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். நான் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அப்பா கீழே நின்று, வலப்பக்கத்துக் காளையின் மூக்கணாங்கயிற்றைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். அப்பாரு கயிற்றைக் கையில் எடுத்ததுதான் தாமதம், அந்தக் காளை எகிறிக் குதித்தது. அப்பாவின் இன்னொரு கை அதன் விலாவில் இருந்தது. தட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். வண்டி குலுங்கி நின்றது. அப்பாரு மறுபடியும் கயிற்றை எடுத்தார். காளை மறுபடியும் குதித்தது.

அப்பாரு தலைத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இத மனுசன் ஓட்டுவானா? வாங்குனவன் நீதான, நீயே ஓட்டித் தொலை," என்று கயிற்றை எறிந்துவிட்டு, பின்னால் நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அன்றுமுதல் வண்டி ஓட்டுவது அப்பா என்றாகிவிட்டது. கிளம்பும்போது மட்டும் அந்தக் காளை வாரம் தவறாமல் ஒரு துள்ளுத் துள்ளும். அப்பாருவுக்கோ ஓட்டிய காலத்தைவிட இப்போது வேலை அதிகம். "கயித்த இழுக்காத," "மேடு வருது, மெதுவா உடு," என்று வழி நெடுக உத்தரவு போட்டுக்கொண்டே வருவார். எதிரில் தெரிந்த குரல் கேட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லி, மகன் ஏமாந்த கதையைச் சொல்வார். கதை வாரா வாரம் கொஞ்சம் வளர்ந்தது. "ஆமாங்க, ஏமாந்துட்டேன்," என்று அப்பாவும் கூடவே சாட்சி சொல்வார். பேர் அப்படிக் கெட்டதுதான்.

ஒரு சமயம் அப்பாரு காய்ச்சலில் படுத்துவிட, அப்பாவும் நானும் மட்டும் போனோம். எருமப்பட்டிக்குள் நுழையும்போது கரி பஸ் எங்களை உரசுகிற மாதிரி போனது. குடை பிடித்த ஒருவர் குறுக்கே ஓடினார். காளைகள் காதைக்கூட ஆட்டவில்லை. அப்பா ஒரு கையில் கயிற்றைத் தளரப் பிடித்து, மறு கையால் வெற்றிலையைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா ஏமாறவில்லை, மாடு நல்ல மாடுதான் என்பதை அப்பாருவிடம் சொல்லிவிட்டால் போதும், ஊர்ச் சிரிப்பும் நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலுக்கு ஓடினேன்.

"அப்பாரு, நீங்க வாராதப்ப மாடு துள்ளவே இல்லீங்க. பஸ்ஸுக்கும் மெரளல, கொடைக்கும் மெரளல. அப்பா ஒத்தக் கையில ஓட்டுனாருங்க."

அப்பாரு என் பக்கமாகப் புரண்டு படுத்தார். பிறகு, "நெசமாவா?" என்றார்.

"நெசந்தானுங்க."

அவர் கை கட்டில் விளிம்பில் தடவித் தடவி என் கையைப் பிடித்துக்கொண்டது. "இத உங்கப்பன்கிட்டக் கேட்டுப்போடாத சாமி. ஆருகிட்டயும் சொல்லவும் வேண்டாம்."

"ஏனுங்க அப்பாரு?"

அவர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

அடுத்த சந்தைக்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. அப்பாரு வண்டிக்கு வந்து, நேரே பின்பக்கமாக ஏறி உட்கார்ந்தார். அப்பாவின் கை விலாவில் பட்டதும் காளை ஒரு துள்ளுத் துள்ளியது. "பாத்தீங்களா, பாத்தீங்களா! இதப் போயி ஒருத்தன் வாங்குவானா!" என்று அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி, என்றைக்கும் இல்லாத சத்தத்தில் திட்டினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாமப் போச்சுங்கய்யா," என்றார்.

நான் அவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருந்தேனே. வயதானால் எல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.