நிழல் பக்கத்து ஜன்னல்

பூதலூர் ஜெய்னுலாபுதீன் பாய்க்குத் தஞ்சாவூரில் குடைக்கடை. இளவயதிலிருந்தே காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்கால பாசஞ்சரில் திரும்பியவர். சீசன் டிக்கெட்காரர்களுக்கு ரயில் பெட்டியில் இடது, வலது கிடையாது. வெயில் பக்கம், நிழல் பக்கம்தான். வடக்கு ஜன்னல் நிழல். அதுதான் அவர் இடம்.

வீட்டில் இருக்கும் நேரத்தில், தான் போய்வரும் வண்டியை அட்டையில் செய்வார். பழைய பாசஞ்சர் பெட்டி, பிறகு டீசல் வண்டி, கடைசியாக இப்போது ஓடும் மெமு மின்சார வண்டி. நின்றிருக்கும் வண்டியின் கதவைக் குடையால் அளந்துகொள்வார். கதவின் அகலம் இத்தனை குடை, இத்தனை பிடி என்பதுதான் அவர் கணக்கு. எக்ஸ்பிரஸ்களைத் தொடமாட்டார். "பூதலூர்ல நிக்காத வண்டிக்கு நான் எதுக்குப் பசை வாங்கணும்?"

அவர் கேட்ட வண்டி பொம்மைக் கடைகளில் கிடைக்கவில்லை. துபாயில் இருக்கும் மகன் ஃபாஜில் தேடி அனுப்பியது, மூக்கு நீண்ட ஏதோ ஒரு வெளிநாட்டு ரயில். பாய் அதன் சக்கரங்களை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு மூளையின் வலப் பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள என்னை அழைத்தார்கள். நான் நர்ஸ், எனக்கு அதில்தான் பயிற்சி. கால் தேறியது, இடக்கை பாதி தேறியது. ஆனால் இடப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்தில் இல்லை. கண்ணில் குறையில்லை, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. தட்டில் வலப் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, "கறி வைக்கலையா?" என்பார். மனைவி கமருன்னிஸா தட்டைத் திருப்பி வைப்பார்.

"இப்ப வந்திருச்சு, சாப்பிடுங்க."

இந்த நிலையில், அட்டையில் செய்துகொண்டிருந்த மெமு பெட்டி முடிந்ததும் தனியாக ரயிலேறிக் கடைக்குப் போவதாகப் பாய் அறிவித்தார். ஃபாஜில் போனில் கேட்டார்.

"அத்தாவைத் தனியா விடலாமா சிஸ்டர்? நீங்க சொன்னாச் சரி."

பிளாட்பாரத்தின் விளிம்பு இடப் பக்கம் வந்தால் அவர் நேரே தண்டவாளத்தில்தான் கால் வைப்பார். கூடாது என்று நான் சொல்லலாம். நாங்கள் அசந்த நேரம் பார்த்து அவர் கிளம்பிவிடுவார். ஆபத்து அவருக்கே புரிந்தாக வேண்டும்.

வண்டி தன்னைவிட்டு முன்னோக்கிப் போவதுபோல அட்டையை விரித்து, நடுவில் கூரையும் இரண்டு புறமும் சுவர்களுமாக வரைந்து வெட்டுவது அவர் வழக்கம். இந்த முறை மடித்து ஒட்டியது கமருன்னிஸா. வலச் சுவரில் ஜன்னல், கம்பி, கதவு எல்லாம் சுத்தமாக இருந்தன. இடச் சுவர் வெறும் அட்டை.

"முடிஞ்சுது சிஸ்டர். திங்கக்கிழமை கிளம்புறேன்."

"இடது பக்கம் பாத்தீங்களா பாய்?"

"பாத்தாச்சு."

"ஆமா, பாத்துக் கிழிச்சீங்க" என்றார் கமருன்னிஸா.

இடது என்ற சொல் அவரிடம் எடுபடவில்லை. வேறு விதமாகக் கேட்டேன்.

"தஞ்சாவூர் போறப்ப எங்க உக்காருவீங்க?"

"இது ஒரு கேள்வியா? நிழல் பக்கம்."

"இந்தப் பெட்டியில உங்க ஜன்னல் எது?"

விரலை வலச் சுவர் நெடுக ஓட்டினார். "இது வெயில் பக்கமாச்சே" என்று தானே சொல்லிக்கொண்டு பெட்டியைத் திருப்பினார். வெற்றுச் சுவர் வலப் பக்கம் வந்தது. அதைத் தடவிப் பார்த்தார்.

"நிழல் பக்கம் போடலையா நான்?"

"சொன்னாக் கோவிச்சுக்குவீங்க. அதான் பேசாம ஒட்டிக் குடுத்தேன்" என்றார் மனைவி.

"ரயில்ல ஏறினாலும் இப்படித்தானா சிஸ்டர்?"

"ஏறுறதுக்கு முன்னாடியே, பிளாட்பாரத்துலயே இப்படித்தான்."

திங்கட்கிழமை அவர் போகவில்லை. மேசையின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினேன். தலையைத் திருப்பிச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் கத்தியைத் தொட வேண்டும் என்றேன். முனகிக்கொண்டே செய்தார். நிழல் பக்கத்து ஜன்னல்கள் கோணலாக வந்தன. ஒன்று குறைந்தது. இடமில்லாததால் அப்படியே விட்டுவிட்டார்.

மகனுக்குப் பதிலை அவரே சொன்னார். "தனியாப் போகலடா. உங்கம்மா கூட வர்றா. எனக்கு நிழல் பக்கமா நடந்து வரட்டும்."

தை மாதத்தில் மூவரும் போனோம். நிழல் பக்கம் ஜன்னலோரம் காலியாக இருந்தது. பாய் வண்டி போகும் திசையைப் பார்த்து உட்காரவில்லை. எதிர் இருக்கையில், எஞ்சினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ஏங்க, தலை சுத்துமே?" என்றார் கமருன்னிஸா.

"இப்படி உக்காந்தாத்தான் ஜன்னல் வலது கைக்கு வருது. பெட்டியத் திருப்பினப்பவே பாத்து வச்சுக்கிட்டேன்."

ஆலக்குடி தாண்டும்வரை, அறுவடை மெஷின் இறங்கிய வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். தஞ்சாவூரில் கமருன்னிஸா முதலில் இறங்கி அவருக்கு இடப் பக்கமாக நின்றுகொண்டார். பாய் இறங்காமல் குடையை எடுத்துக் கதவில் வைத்தார்.

"பெரியவரே, எறங்கிட்டு அளங்க" என்றார் பின்னால் நின்றவர்.