மூன்று நாள் இருட்டுக்கு ஒரு பூட்டு

எங்கள் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். கடைத்தெருவில் அவருடைய கடை எட்டடிக்கு ஆறடி. அதற்குள் சாவி வெட்டும் மெஷின், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸ், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள், ஒரு மாதா படம். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பூட்டுக்காரர்தான். நானும் பூட்டுக்காரம்மா ஆகி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் திருதிருவென்று விழிப்பவர்கள் எல்லாம் அவரைத்தான் தேடி வருவார்கள். எப்பேர்ப்பட்ட கதவானாலும் அவருக்குப் பத்து நிமிஷம். அப்படிப்பட்ட மனிதர் சொந்த மகளுக்குக் கதவைத் திறக்காமல் மழையில் நிற்க வைத்தார் என்றால் நம்புவீர்களா? கூடவே இருந்ததால்தான் நானும் நம்புகிறேன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர்மேல் உங்களுக்குக் கோபம் வரும். கோபப்படுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், உங்களுக்கு வேண்டாம்.

கோயிலில் பூசை முடிந்து வரும்போது யாரோ அவர் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். உலகத்தின்மேல் மூன்று நாள் இருட்டு வரும், பகலிலும் சூரியன் தெரியாது, எந்த விளக்கும் எரியாது, மந்திரித்த சுத்தமான தேன்மெழுகில் செய்த மெழுகுவர்த்தி மட்டும்தான் எரியும் என்று அதில் ஒரு பழைய தீர்க்கதரிசனம் போட்டிருந்தது. கதவு ஜன்னலை மூடிக்கொண்டு, வெளியே எட்டிப் பார்க்காமல், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது. பிசாசுகள் நமக்கு வேண்டியவர்களின் குரலிலேயே வந்து கூப்பிடுமாம்.

வேறு யாராவது என்றால் படித்துவிட்டு ஒரு சிலுவை போட்டுக்கொண்டு புத்தகத்தை அலமாரியில் சொருகியிருப்பார்கள். இவர் அளவெடுக்கும் நாடாவை எடுத்தார்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இரண்டு மடிப்பாக. தைத்தது யார்? நான்தான். நூலிழை வெளிச்சம்கூட உள்ளே வரக் கூடாது என்று ஓரத்தில் காந்தம் வைத்துத் தைக்கச் சொன்னார். கூடத்தில் இரண்டு பீப்பாய்த் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்கள், பால் பவுடர், மருந்துப் பெட்டி, ஒரு கேன் தீர்த்தம். அந்தப் பீப்பாயில் என் கால் சுண்டுவிரல் எத்தனை தடவை மோதியது என்று எனக்குத்தான் தெரியும்.

மெழுகுவர்த்தி கதை தனி. கடையில் வாங்கி வந்ததை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்துவிட்டு, "இதுல பாதிக்குப் பாதி கலப்படம். இது எரியாது" என்றார். தேன் எடுப்பவரைத் தேடிப் பிடித்து மெழுகுக் கட்டியே வாங்கி வந்தார். உருக்கியது எதில்? என் பால் பாத்திரத்தில். கடையில் கிடந்த இரும்புக் குழாய்த் துண்டுகளில் ஊற்றி, பதினான்கு மெழுகுவர்த்தி செய்தார். ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி நேர். பங்குச்சாமியார் அவற்றை மந்திரித்துக் கொடுத்தபோது, "இவ்வளவு நல்ல மெழுகுவர்த்தி நம்ம பீடத்துலயே இல்லையே" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் மாய்ந்துபோனார்.

நான் தனியாகச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். இந்த மாதிரி தீர்க்கதரிசனத்தை நம்பியே ஆக வேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"நம்பணும்னு கட்டாயம் இல்லன்னுதானே சொன்னாரு? நம்பக் கூடாதுன்னு சொல்லலையே" என்றார் இவர். இந்த மனிதரோடு பேசி ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கடைசியாக வாசல் கதவுக்கு வந்தார். உள்பக்கம் மூன்று தாழ்ப்பாள், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. கட்டைவிரல் தடிமன். கதவைத் திறக்கக் கூடாது என்ற அந்த ஒரு வரியைத்தான் அவர் மற்ற எல்லாவற்றையும்விடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குக் காரணம் புத்தகம் மட்டும் இல்லை.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒருவன் வந்து, "அண்ணே, சாவியைத் தொலைச்சிட்டேன், உள்ள குழந்தை தூங்குது" என்று அழாத குறையாகச் சொன்னான். இவர் மனம் இளகி ஓடிப்போய்த் திறந்துவிட்டார். அது ரிட்டையரான ஒரு டீச்சர் வீடு. அந்த அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்தபோது சுவரும் கூரையும்தான் மிச்சம். போலீஸ் இவரை இரண்டு நாள் உட்கார வைத்தது. டீச்சர் இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இவரை ரொம்ப வாட்டியது. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும், அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் வந்து இது இவர் வீடுதான் என்று சொன்னால்தான் பையைத் திறப்பார். "குரலைக் கேட்டு ஒரு தடவை திறந்தேன். போதும்" என்பார்.

எங்களுக்கு ஒரே மகள். வயது இருபத்தாறு ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. அப்பாவின் ஏற்பாடுகளைப் பார்த்துச் சிரிப்பாள், ஆனால் மெழுகு உருக்கும்போது கிளறிக் கொடுத்ததும் அவள்தான். அப்பா செல்லம் என்று சொன்னால் போதாது, நான் அந்த இரண்டு பேருக்கு நடுவில் ஒண்டுக் குடித்தனம் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. பாப்பாவுக்கு அன்று ஏழு மணி வரை டியூட்டி, அதனால் நாங்கள் இரண்டு பேர்தான். துணியெல்லாம் மூடியாயிற்று, தாழ்ப்பாள் மூன்றும் போட்டாயிற்று, போனை அணைத்து பிஸ்கட் டின்னுக்குள் வைத்தாயிற்று. ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். வெளியே மழை அடித்துக் கொட்டியது.

நாலு மணிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். கதவு தட்டுகிற சத்தம்.

"அப்பா, நான்தான்."

டியூட்டி சீக்கிரம் முடிந்து வந்திருக்கிறாள். எங்கள் வாசலில் மழைக்கு ஒதுங்க ஒரு சாண் இடம் கிடையாது. நான் எழுந்தேன். இவர் போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"என்னங்க, பாப்பா நனையறா."

"இன்னைக்குத் திறந்தா அன்னைக்கும் திறப்ப. உக்காரு."

"உங்களுக்குப் பைத்தியமா? இது ஒத்திகைதானே?"

"ஒத்திகையிலயே முடியலைன்னா அப்புறம் எப்படி முடியும்?"

அவள் தட்டினாள், கூப்பிட்டாள், அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டாவது நான் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுவேன், ஆனால் அன்றைக்கு நானும் உட்கார்ந்தேன் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

ஐந்து மணிக்குத் திறந்தார். பாப்பா படியில் உட்கார்ந்திருந்தாள், தலையிலிருந்து கால் வரை தொப்பலாக. உள்ளே வந்து கேட்டாள்.

"நான்தான்னு தெரிஞ்சுதாப்பா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா திறக்கலை?"

"குரலை வெச்சுத் திறக்கக் கூடாது பாப்பா."

"நிஜமாவே இருட்டு வந்து நான் வெளியில மாட்டிக்கிட்டா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உலகத்தில் எத்தனை அப்பாக்கள் பொய் சொல்லிப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துகிறார்கள். இந்த அரிச்சந்திரன் யோசித்துப் பார்த்துவிட்டு, "திறக்க மாட்டேன்" என்றார்.

அவள் அழவில்லை. துணி மாற்றிக்கொண்டு பெட்டியைக் கட்டினாள். கூட வேலை செய்கிற பெண்ணோடு ஒரு அறையில் தங்கிக்கொள்கிறேன் என்றாள். நான் குறுக்கே நின்று பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "நான் கூப்பிட்டாத் திறக்காத வீட்டுல எனக்கு என்னம்மா வேலை?" என்று கேட்டாள்.

பத்து நாள் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைப்பேன், எடுப்பேன், அவ்வளவுதான். பதினோராவது நாள் மனசு கேட்காமல் பேசிவிட்டேன்.

"மூணு நாள் இருட்டுக்கு எல்லாம் சேர்த்து வெச்சிருக்கீங்க. யாருக்கு? நம்ம ரெண்டு பேருக்கா? அவ இல்லாம நாலாம் நாள் வெளிச்சம் வந்து நான் எதைப் பார்க்கப் போறேன்?"

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அடுத்த நாளிலிருந்து கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அரத்தால் எதையோ ராவிக்கொண்டே இருந்தார். வந்தவர்களை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பினாராம்.

ஒரு வாரம் கழித்து, ஒரு காலை நேரம், ஸ்க்ரூ டிரைவரோடு வாசலில் உட்கார்ந்து மூன்று தாழ்ப்பாளையும் கழற்றினார். அந்த இடத்தில் கையடக்கமான ஒரு பித்தளைப் பூட்டைப் பொருத்தினார். அவரே செய்தது. வெளியே சாவித் துவாரம், உள்ளே ஒரு குமிழ்.

"இங்க பாரு. உள்ள குமிழைத் திருகினாத் திறக்கும். வெளிய சாவி போட்டாத் திறக்கும். ஒரு நேரத்துல ஒன்னுதான் வேலை செய்யும். குமிழைப் பிடிச்சிட்டிருந்தா சாவி சுத்தாது, சாவி சுத்தும்போது குமிழ் அசையாது. மூணே மூணு சாவி. இதை உலகத்துல எவனாலயும் நகல் எடுக்க முடியாது."

"சரி, அதுக்கு?"

"குரலை யாரு வேணாலும் திருடிட்டு வரலாம். நான் செஞ்ச சாவியை எந்தப் பிசாசாலயும் செய்ய முடியாது. பாப்பாகிட்ட சாவி இருந்தா நான் திறக்க வேண்டிய அவசியமே இல்ல. அவளே வந்துக்குவா."

சொல்லிவிட்டு ஒரு பெருமை முகத்தில். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வேதத்தையும் விடாமல் மகளையும் விடாமல் ஒரு வழி கண்டுபிடிக்கப் பித்தளையும் அரமும்தான் இந்த மனிதருக்குத் தெரியும்.

சாவியைக் கொடுக்க அவரே போனார். பாப்பா வேலை செய்கிற இடத்தில் எல்லாரையும் போல டோக்கன் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் அவள் எதிரில் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டாராம். இதை இரண்டு பேருமே பிற்பாடு என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள்.

"என்ன டெஸ்ட்?" என்று அவள் நிமிராமலே கேட்டிருக்கிறாள்.

இவர் நீட்டிய கையைத் திருப்பி விரித்திருக்கிறார். உள்ளங்கையில் சாவி.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டா இந்தச் சாவி எதுக்கு?"

"தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன்."

அவள் சாவியை வாங்கி வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். இவர் கையை மடித்துவிட்ட சட்டையோடே வீடு வந்து சேர்ந்தார். ஒரு மாதம் ஆயிற்று. பாப்பா வரவில்லை. வாசலில் பூனை உரசினால்கூட இவர் தலையைத் தூக்குவார்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. மேகம் என்றால் அப்படி ஒரு மேகம், எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. காற்று சுழற்றியடித்தது, கரண்ட் போயிற்று. கடையை மூடிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

"துணியை இழு. மெழுகுவர்த்தியை ஏத்து."

காந்தம் ஒட்டிக்கொண்டது. மெழுகுவர்த்தி எரிந்தது, அழகாக, ஒரு துளி புகை இல்லாமல். நான் போர்வைக்குள் டார்ச்சை அழுத்திப் பார்த்தேன். அதுவும் எரிந்தது.

"என்னங்க, டார்ச் எரியுது. இது அந்த இருட்டு இல்ல."

"இன்னும் ஆரம்பிக்கலை போல. அணை."

நான் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜெபமாலையில் இரண்டாவது பத்து முத்து உருட்டி முடிந்திருக்கும். மழை கொட்டத் தொடங்கியது. கதவு தட்டுகிற சத்தம்.

"அப்பா, நான்தான்."

அதே வார்த்தை. சாவி கையில் இருக்கிறவள் எதற்குத் தட்டுகிறாள்? பை அடியில் கிடந்தது, ஈரக் கையில் கிடைக்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள். நான் பெற்றவள், எனக்குத் தெரியாதா? தட்டிப் பார்த்தாள். என்ன நடக்கும் என்று பார்க்கத்தான் தட்டினாள்.

இவர் எழுந்தார். இந்தத் தடவை கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டாவது திறந்துவிடுவது என்று நானும் மெழுகுவர்த்தியோடு எழுந்தேன். ஆனால் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஜெபமாலை அறுந்து தரையில் விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் கதவுக்குப் போய்க் குமிழைப் பிடித்துத் திருகினார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார்.

வெளியிலிருந்து குரல் வந்தது.

"யாரு உள்ள குமிழைப் பிடிச்சிட்டிருக்கிறது? விடுங்கப்பா. சாவி சுத்த மாட்டேங்குது."

அவர் கையை எடுத்தார். சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது, கதவு திறந்தது. பாப்பா நனைந்துகொண்டு நின்றாள். அப்பா கதவுக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறார், கை இன்னும் அந்தரத்தில். அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"நான் திறக்கலை. நீயேதான் சாவி போட்டுத் திறந்த" என்றார் இவர்.

"ஆமாப்பா. நான்தான் திறந்தேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

மழை விட்டு வெயிலே வந்துவிட்டது. பாப்பா தலை துவட்டிக்கொண்டு, பீப்பாயில் கால் இடித்துக்கொண்டு, அப்பாவைத் திட்டிக்கொண்டே பிஸ்கட் டின்னைப் பிரித்தாள். பெட்டியை நாளைக்கு எடுத்து வருகிறேன் என்றாள். இவர் கீழே கிடந்த ஜெபமாலையை எடுத்து, அறுந்த இடத்தில் இடுக்கியால் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவ தட்டினப்போ அவகிட்ட சாவி இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் எழுந்தீங்க? ஒருவேளை அது பிசாசா இருந்திருந்தா?"

"இருந்திருக்கலாம்" என்றார்.

"தெரிஞ்சுமா?"

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"பாப்பா குரல்ல மழையில நின்னுட்டிருந்துதே" என்றார்.